விளக்கேற்றும்வரை பிரிக்காத பை

முருகனை நம்பி வாழும் உங்களிடம் என் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வட்டாரக் குடும்ப சேவை மையத்தில் நான் தொண்டூழியர். எதையும் வேகமாக முடிப்பதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை போன தீபாவளிக்கு ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் உயிரோடு விளையாடிவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை. மையம் உதவும் குடும்பங்களில் ஒன்றான செல்வி அக்கா வீட்டில் பலகாரப் பையைக் கொடுத்துவிட்டு, தோழிகளைப் பார்க்க லிட்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறினேன். அங் மோ கியோவை நெருங்கும்போது மையத்தின் பொறுப்பாளர் கோமதி அக்கா அழைத்தார்.

“தாராவுக்குன்னு தனியா சுட்ட தட்டை இங்க வேன்லயே கிடக்கு. பையில எதைப் போட்ட?”

தாரா, செல்வி அக்காவின் மகள். வேர்க்கடலை கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒருமுறை ஆம்புலன்ஸில் போனவள். மற்றவர்களுக்கான தட்டையில் கடலைப் பொடி கலந்திருந்தது. பார்த்தால் தெரியாது. அதைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறேன். ‘கடலை இல்லை’ என்ற ஸ்டிக்கரையும் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன்.

“செல்வி ஃபோனுக்கு லைனே போகல. நான் தேக்கா மார்க்கெட் நெரிசல்ல மாட்டிக்கிட்டேன். நீ ஓடு லா!”

இறங்கி எதிர் ரயிலில் தாவினேன். ஈசூனுக்கு மூன்றே நிறுத்தங்கள். நானும் அழைத்துக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. பரீட்சைக்கு மட்டும் முருகனைக் கூப்பிடுகிறவள் நான். அன்று, ‘முருகா, அது அவள் வாய்க்குப் போகக் கூடாது. என் அவசரத்துக்கு அவளைத் தண்டிக்காதே’ என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

மின்தூக்கி மாடிக்கு மாடி நின்றது. வாசலுக்குப் போனால், உள்ளே தாராவின் அழுகை. கதவைத் தட்டினேன்.

“வாம்மா, நீயே இவகிட்டச் சொல்லு” என்றார் செல்வி அக்கா. “விளக்கு ஏத்தாம பையைப் பிரிக்கக் கூடாதுன்னா கேக்க மாட்டேங்கிறா.”

“எண்ணெயே பைக்குள்ளதான் இருக்கு அக்கா! அதை எடுத்து ஏத்துங்கன்னா அம்மா திட்டுறாங்க!”

அந்த வீட்டில் எது வந்தாலும் முருகன் படத்துக்கு முன் வைத்து, விளக்கேற்றிய பிறகுதான் தொடுவார்கள். அன்று பார்த்து விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் தீர்ந்திருந்தது. தீபாவளிக் குளியலுக்கு நாங்கள் கொடுத்த நல்லெண்ணெயும் அதே பைக்குள்! கணவர் வாங்கி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஃபோன், தாரா கார்ட்டூன் பார்த்ததில் சார்ஜ் தீர்ந்து செத்திருந்தது.

படத்தின் முன் அந்தப் பை. நான் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். நடந்ததைச் சொன்னேன். செல்வி அக்கா தாராவை மடியில் இழுத்துக்கொண்டார்.

“அந்த ஸ்டிக்கரை நம்பி நானே ஊட்டி விட்டிருப்பேன்மா.”

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

பிறகு, “நீயே பிரி” என்றார். தட்டையை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். எண்ணெயை அவரிடம் கொடுத்தேன். விளக்கு எரிந்தது.

இப்போது ஒவ்வொரு பையையும் கட்டுமுன் அந்த வீட்டாரின் பெயரையும் அவர்களுக்கு ஆகாததையும் வாய்விட்டு வாசிக்கிறேன். “என்னடி, அர்ச்சனையா?” என்று கோமதி அக்கா கிண்டல் செய்கிறார். ஆமாம், அர்ச்சனைதான்.

உங்கள் கையை மீறிப் போனதை முருகனிடம் தயங்காமல் சொல்லுங்கள். எரியாத விளக்கைக்கொண்டும் அவன் காப்பான்.