ஆப்தகாமன் சந்தானம்

திங்கட்கிழமை காலை மல்காஜ்கிரியில் கம்பெனி பஸ் ஏறியதும் டிரைவர் யாதகிரி, "சந்தானம் சார் போயாரு" என்றார். துக்கம் வந்தது. கூடவே, இதிலும் மனுஷன் முந்திக்கொண்டாரே என்றும் தோன்றியது. நம் பஜனை கோஷ்டியில் அவரை அறிந்த நீங்கள் மன்னிக்க வேண்டும், பழக்கம் அப்படி.

பாலாநகர் தொழிற்சாலையில் நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பதவி உயர்வுக்குத் திருப்பதிக்கு நேர்ந்துகொண்டவன் நான், கிடைத்தது அவருக்கு. குவார்ட்டர்ஸுக்காக அலையாய் அலைந்தவன் நான். சாவி போனது அவர் கைக்கு. அதற்காவது துள்ளிக் குதித்தாரா? கேண்டீனில் உப்புமாவுக்கு இன்னொரு கரண்டி சட்னி கேட்டார், அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ராமநவமிக்கு வந்த உபன்யாசகர் 'ஆப்தகாமன்' என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னார். விரும்பியதெல்லாம் அடைந்துவிட்டவன், ஆகையால் இனி விரும்ப ஒன்றும் இல்லாதவன். நம் பஜனை கோஷ்டி முழுக்கத் திரும்பிச் சந்தானத்தைப் பார்த்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "உம்மைத்தான்யா சொன்னார்" என்றேன்.

"நக்கோ ஓய், அதெல்லாம் இல்லை" என்று சிரித்தார். "எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. பஜனையில ஒரு நாள் நான் எடுத்துக் கொடுக்கணும், நீர் பின்னால வாங்கிப் பாடணும்."

அன்று நிம்மதியாகத் தூங்கினேன். சனிக்கிழமை பஜனையில் முதலடி எடுப்பவன் நான். அவருக்கோ சுருதி நாலு வீடு தள்ளி நிற்கும். ஜால்ராவைக் கொடுத்துப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். எல்லாம் பெற்றவருக்கு இது ஒன்றாவது இல்லாமல் இருக்கட்டுமே என்று கடைசிவரை என் இடத்தை நான் விடவில்லை.

செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது, "இப்ப எடுக்கட்டுமா ஓய்?" என்றார். சரி என்று தலையாட்டினேன். நாம் வழக்கமாக முடிக்கிற நாமாவளியை எடுத்தார். சுருதி எங்கேயோ போயிற்று. முன்னால் பாடுபவர் எங்கே விடுகிறாரோ அங்கேயே பிடிக்க வேண்டும் என்பது நம் கோஷ்டி வழக்கம். நானும் அவர் போன இடத்துக்கே போனேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "ஹவ், ஆச்சு, போதும்" என்று சந்தானம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் கேட்பதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

இந்தச் சனிக்கிழமை அதே நாமாவளியை எடுத்தேன். வந்தது அவருடைய சுருதி. திரும்ப எடுத்தேன், அப்படியேதான் வந்தது. நீங்களும் அங்கேயே பிடித்துப் பாடினீர்கள். என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டுதான் மனுஷன் போயிருக்கிறார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தத் தப்புச் சுருதிதான். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.