கீறல் இல்லாமல் பெற்றுக்கொண்டேன்

என் பெரியப்பா வீட்டு நாற்காலியிலிருந்து யாரும் சத்தமில்லாமல் எழுந்துவிட முடியாது. வாங்கி ஒன்பது வருடமாகியும் இருக்கையின் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தவரின் தொடை அதில் ஒட்டிக்கொள்ளும். எழும்போது 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். வந்தவர் முகம் சிறுத்து, "அது நாற்காலி" என்று விளக்கம் சொல்வார். "தெரியும், தெரியும், உட்காருங்க" என்பார் பெரியப்பா. உட்கார்ந்தால் மறுபடி எழவேண்டுமே என்று பலர் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

நாற்காலி மட்டுமில்லை. டிவி ரிமோட் கவரில் இருக்கிறது. அதை வானத்தைப் பார்த்து நீட்டினால்தான் சேனல் மாறும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவந்த தாள் ஓரம் சுருண்டு, கதவைத் திறக்கும்போதெல்லாம் பெரியம்மாவின் முழங்கையைக் கீறும். மெத்தையில் யாராவது புரண்டு படுத்தால் மழை வருகிறதென்று பெரியம்மா எழுந்துபோய்க் கொடித்துணியை எடுத்திருக்கிறாள். பெரியப்பா புது மூக்குக்கண்ணாடி வாங்கியபோது வில்லையின் மூலையில் இருந்த சின்ன ஸ்டிக்கரைக்கூட ஒரு மாதம் எடுக்காமல், அதைச் சுற்றிப் பார்த்தே பேப்பர் படித்தார்.

நான் கிராமத்திலிருந்து வந்து இவர் வீட்டில் தங்கித்தான் கல்லூரி முடித்தேன். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான். வேதியியல், முதல் வகுப்பு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. சான்றிதழைக் கொண்டுவந்து பெரியப்பா கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார், உள்ளே போனார், சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரைமணி நேரத்தில் அதை லேமினேட் செய்துகொண்டு வந்து நீட்டினார். இன்றுவரை எந்த அலுவலகத்திலும் அதன்மேல் முத்திரை குத்த முடியவில்லை. மை வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஒரு பர்னிச்சர் கடையில் இருபத்திரண்டு வருடமாக டெலிவரி வேலை அவருக்கு. பீரோ, கட்டில், மேசை என்று எதுவானாலும் மூன்று மாடி ஏற்றி, குறுகிய படியில் திருப்பி, வாங்கினவர் வீட்டு நடுவில் கீறல் படாமல் இறக்கிவைப்பார். பிறகு டெலிவரி சீட்டை நீட்டுவார். அதில் 'பொருளைக் கீறல் இல்லாமல் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்து போட ஒரு கோடு. அதற்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஏதாவது குறை இருந்தால் வாங்கினவர் அதில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் பெரியப்பாவின் சீட்டில் அந்தக் கட்டத்தில் ஒருவரும் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. கடையில் அவருக்குப் பெயரே கவர்க்காரர்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மோட்டார் சைக்கிள் டேங்கில் கீறல் போட்டவன் நான்தான்.

பதினோரு வருட வண்டி. ஒரு சிராய்ப்பு கிடையாது. கடைக்குப் போய்வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி உள்ளே தள்ளும்போது கேட்டின் தாழ்ப்பாள் டேங்கின் வலப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. பெரியப்பா திட்டவில்லை. கட்டைவிரலால் கீறலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். "இனிமே இந்த வண்டியை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் மகளை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது மட்டும் தார்ப்பாய் அவிழும்.

மகள் என்றால் என் தங்கச்சி. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. சேர்ந்து இரண்டு மாதம். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவார்கள். எங்கள் தெருமுனைக்கு முதல் பஸ் வருவதே ஆறே காலுக்கு. பெரியப்பாவுக்கு வெளியூர் லோடு விழுந்த மூன்று நாளும் அவள் தாமதம். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களின் கோபம் தெரியுமல்லவா? மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டு, "இன்னொரு நாள் லேட்டுன்னா நாங்க வேற ஆள் பார்த்துக்குறோம்மா" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். இந்த நிலையில்தான் பெரியப்பாவுக்குத் திங்கட்கிழமை முதல் ஒரு மாதம் தொடர்ந்து வெளியூர் லோடு என்று கடையில் சொன்னார்கள். ஐந்து மணிக்கே கடை வேன் வந்து அவரை ஏற்றிக்கொள்ளும்.

தங்கச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. சாவிதான் இல்லை.

"நீங்க வேன்ல போறீங்க. வண்டி சும்மாதானப்பா நிக்கும்?"

"நிக்கட்டும். நிக்கிற வண்டியில கீறல் விழாது."

"ஏற்கெனவே விழுந்தாச்சே."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன்.

"அந்தக் கீறல் இருந்த இடமே தெரியாம பண்ணிட்டா சாவி தருவீங்களா?"

"பண்ணு பார்க்கலாம்" என்றார். நடக்காத காரியம் என்ற தைரியம்.

மூன்றாம் நாள் ஒரு நீள உருளை பார்சலில் வந்தது. வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் செட், எட்டுத் துண்டு. டேங்கின் இரு பக்கத்துக்கும் சிவப்பும் கறுப்புமாய் விரிந்த இரண்டு இறகுகள்.

"என்ன பாப்பா, கோழி றெக்கையா?"

"கழுகுப்பா."

"கழுகுக்கு இவ்வளவு சதை இருக்காது" என்றாள் பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் நிழலில் வேலை தொடங்கியது. ஆங்கிலத்தில் இருந்த செய்முறைத் தாளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு இயல்பாகவே என்னுடையது. முதலில் வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க வேண்டும். இதைத் தங்கச்சி பஞ்சில் தொட்டு, வேலையிடத்துப் பழக்கத்தில் உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாகத் துடைத்தாள். அடுத்து, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, அந்த ஈரத்தின்மேல் ஸ்டிக்கரை வைக்க வேண்டும். அப்போதுதான் கொஞ்சம் நகர்த்திச் சரிபார்க்க முடியும்.

"ஷாம்பு எதுக்கு? எல்லா சோப்புலயும் வேலை செய்யுற சரக்கு ஒண்ணுதான்" என்று நான் துணி துவைக்கும் தூளை ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டேன். "தண்ணியோட பரப்பு இழுவிசை குறையணும். அவ்வளவுதான் விஷயம். அதாவது பெரியப்பா, தண்ணியோட மூலக்கூறு ஒவ்வொண்ணும்…"

"அதெல்லாம் சரிப்பா பட்டதாரி, அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். இன்னும் கொஞ்சம் விளக்கினேன். அந்தக் கொஞ்சத்தில் இறகின் முனை என் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுத்தபோது முடியும் சேர்ந்து வந்தது. "இப்போதான் நிஜ றெக்கை மாதிரி இருக்கு" என்றாள் தங்கச்சி.

அதுவரை திண்டாட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோவைத் திருப்புகிற அதே கை. அடித்தாளை ஒரு விரல் அகலம் உரிப்பார். ஈர டேங்கில் வைப்பார். பிளாஸ்டிக் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவார். மறுபடி ஒரு விரல் அகலம். வளைவு வந்த இடத்தில் பெரியம்மா தலை காயவைக்கும் மெஷினைப் பிடிக்க, ஸ்டிக்கர் சொன்னபடி கேட்டு வளைந்தது. காற்றுக்குமிழி வந்தால் தங்கச்சி ஊசியோடு குனிவாள். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று டேங்குக்குச் சமாதானம் சொல்லித்தான் குத்துவாள்.

மதியத்துக்குள் எட்டும் ஒட்டியாகிவிட்டது. கீறல் இறகுக்கு அடியில் போய்விட்டது. பெரியப்பாவே கட்டைவிரலால் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"இனி மேல்தாளை உரிச்சா முடிஞ்சது" என்றேன். ஸ்டிக்கர் ஒட்டும்வரை அதைத் தாங்கிப் பிடிக்க மேலே மங்கலாக ஒரு தாள் இருக்கும். அதை எடுத்தால்தான் நிறமே தெரியும். இப்போது இறகு மூடுபனியில் நின்ற மாதிரி இருந்தது.

பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அது இருக்கட்டும். அது கவரு."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"அப்பா, அது கவர் இல்லப்பா. ஒட்டுறதுக்குப் போட்ட தாள்."

"மேல இருக்குல்ல? அப்போ கவருதான். ஒரு மாசம் இருக்கட்டும். நல்லாப் பிடிக்கட்டும். அப்புறம் பார்த்து எடுத்து, அப்புறம் பார்த்துச் சாவி தரேன்."

"ஒரு மாசம் வெயில்ல நின்னா தாளோட சேர்ந்து ஸ்டிக்கரும் வந்துரும். இன்னிக்கே எடுக்கணும்னு போட்டிருக்கு" என்று நான் செய்முறைத் தாளை ஆட்டினேன்.

"யாரு எடுக்கணும்னு போட்டிருக்கு?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது போடவில்லை.

"பார்த்தியா? இருபத்திரண்டு வருஷத்துல நான் எத்தனை சாமான் இறக்கியிருக்கேன், ஒரு கவரு பிரிச்சிருப்பேனா? பிரிக்கக்கூடாது. கையெழுத்தைப் போட்டுட்டு அதை வாங்குறவங்க பிரிப்பாங்க. கொண்டுபோறவன் கை அதுல படக்கூடாது. அதான் சட்டம்."

தங்கச்சி ஊசியை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

"அப்போ நான் வாங்கிக்கிறேன். கையெழுத்து எங்கப்பா போடணும்?"

சொந்தச் சட்டத்தில் அகப்பட்டவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? பெரியம்மா மெஷினை அணைத்தாள். பெரியப்பா வண்டியையும் மகளையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது வேட்டிக்குப் பதில் பேன்ட்டும் கடைச் சட்டையும் போட்டிருந்தார். கையில் சீட்டுப் புத்தகம், காதில் பேனா.

பொருள் என்ற இடத்தில் 'மோட்டார் சைக்கிள் ஒன்று' என்று எழுதினார். கொட்டை எழுத்தில் தேதி போட்டார். முன் சக்கரம் முதல் பின்விளக்கு வரை ஒவ்வொன்றாகக் காட்டினார். "நல்லாப் பார்த்துக்கங்கம்மா. அப்புறம் கடை பொறுப்பில்ல." யாரோ மூன்றாம் மாடிக்காரரிடம் பேசுகிற குரல்.

தங்கச்சி நல்லாவே பார்த்தாள். டேங்கின் வலப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். கையெழுத்து போட்டாள். பிறகு 'குறிப்பு' கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அங்க ஒண்ணும் எழுத வேண்டாம்மா" என்றார் பெரியப்பா அவசரமாக.

'வலது இறகுக்கு அடியில் கரையாத சோப்புத்தூள் ஒன்று' என்று எழுதினாள்.

பெரியப்பா குனிந்து தடவினார். இருந்தது. கடுகளவுதான், ஆனால் இருந்தது. ஊசிக்கும் அடங்காது, தேய்த்தாலும் போகாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் குறிப்பு. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மூலக்கூறு" என்றார்.

தங்கச்சி மேல்தாளின் நுனியைப் பிடித்து உரித்தாள். 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. இறகின் சிவப்பு வெயிலில் பளிச்சென்று குதித்தது. பெரியப்பா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சீட்டின் நகலோடு சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

திங்கட்கிழமை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவள் வேலையிடத்தில் இருந்தாள். கதவைத் திறந்ததே அவள்தானாம், மேலாளர்தான் லேட்டாம்.

மாலை வேனிலிருந்து இறங்கிய பெரியப்பாவின் கண் நேராக வண்டிக்குப் போனது. பின் மட்கார்டில் விரல் நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு. வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டி உரசிவிட்டதாம். அவர் தடவிப் பார்த்தார். சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் நான் இதுவரை கண்டிராத ஒரு நிம்மதி.

"டெலிவரி பண்ணும்போது இது இல்ல. இது கஸ்டமர் போட்ட கீறல். நம்ம பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

உள்ளே 'பர்ர்ர்' என்று சத்தம் கேட்டது. பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நேராக வந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, அவர் முகம் துடைத்து முடிப்பதற்குள் நீட்டினாள்.

"ஏங்க, எழுதுங்க. நாற்காலி ஆறு, ஃப்ரிட்ஜ் ஒண்ணு, மெத்தை ஒண்ணு."

பெரியப்பா அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தப்பிக்க வழி தேடி ரிமோட்டைக்கூடப் பார்த்தார். கடைசியில் எழுதினார். பெரியம்மா கையெழுத்து போட்டுவிட்டு, குறிப்புக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'டெலிவரி ஒன்பது வருடம் தாமதம்.'