என் வீட்டுக்காரர் ஓட்டி வந்த பஸ்ஸை மறித்தேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்துப்போன ஒரு வருடத்தின் சித்திரை மாதம் அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையை ஒட்டி எங்கள் ஊர். அப்போதெல்லாம் இந்தப் பக்கம் முழுக்கத் திருச்சி மாவட்டம்தான். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சாலையில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். கூலி வேலை செய்யும் எங்கள் தெருவிலிருந்து ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் என்று எல்லோருக்கும் அவர்மேல் பெருமை.

தெருவில் இருந்த ஒரே அடிபம்பு கெட்டுப்போய் மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு வயல் கிணற்றில் தண்ணீர் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் வற்ற ஆரம்பித்ததும் கிணற்றுக்காரர், இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். பம்பைச் சரிசெய்யச் சொல்லிப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடந்ததில் கால் தேய்ந்ததுதான் மிச்சம். அன்று காலை வெறுங்குடத்தோடு திரும்பிய நாங்கள் யாருமே வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தார்ச்சாலைக்குப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த நேரத்துக்கு வழக்கமாக கவர்ன்மென்ட் பஸ்தான் வரும். அன்றைக்கென்று அது வரவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்ட ஹாரன் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய பஸ்!

எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த அக்கா என் முழங்கையை இடித்து, "எந்திரிச்சு ஓரமாப் போயிடு புள்ள, அவரு வேலைக்கு ஒல வெச்சிராத" என்றார். எனக்கும் எழுந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் புருஷனுக்காக நான் எழுந்தால், மாமனாருக்காக ஒருத்தி எழுவாள், பிள்ளைக்காக ஒருத்தி எழுவாள். குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தேன்.

பயணிகள் இறங்கி வந்தார்கள். ஒருவருக்கு அரியலூர் கோர்ட்டில் வாய்தா. ஒரு குடும்பம் பெண் பார்க்கப் போகிறதாம், நல்ல நேரம் தப்பிவிடும் என்று சத்தம் போட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர்தான் ரொம்பவும் எகிறினார். "பொம்பளைங்கள நடுரோட்டுல உக்கார வெச்சுட்டு வூட்ல ஆம்பளைங்க என்னதான் பண்றானுங்க?" என்றார். அது டிரைவர் சீட் வரைக்கும் கேட்டிருக்கும்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் லாரி வந்து நின்றது. அதன் டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, காது கூசும்படி திட்டினார். "மண்ணுல எறக்கி ஓட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். எவளாவது அடிபட்டா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறினார். சாலையின் இடப்பக்க மண் தடத்தில், புளியமர நிழலில், கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் மிரட்டல் என்றுதான் நினைத்தோம். லாரி நிஜமாகவே மண்ணில் இறங்கிவிட்டது.

அப்போது பஸ் உறுமியது. என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, பஸ்ஸின் மூக்கை மண் தடத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். லாரி போட்ட பிரேக்கில் எழுந்த புழுதியில் சற்று நேரம் ஒன்றுமே தெரியவில்லை. புழுதி அடங்கியதும் பார்த்தால், இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையக்கூட இடமில்லை. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். கண்டக்டர் பதறிப்போய், "அண்ணே, ஓனருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?" என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏம்ப்பா டிரைவரு, நீயும் இவங்க ஆளா?"

"ஆமாங்க. அந்தா, பச்சைப் பொடவை கட்டி உக்காந்திருக்கிறது எம் பொஞ்சாதிதாங்க. எங்க வூட்லயும் குடிக்கத் தண்ணி கெடையாது. ஆம்பளைங்க என்ன பண்றானுங்கன்னு கேட்டீங்கல்ல, நான் உங்களத்தான் ஏத்திக்கிட்டு வந்துட்டு இருந்தேன்."

குரலை உயர்த்தவே இல்லை அவர். பஸ்ஸிலிருந்து கூடையோடு இறங்கிய வெற்றிலைக்கார அம்மா ஒருவர், "தள்ளி உக்காருங்கடி" என்று எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். கோர்ட்டுக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

லாரிக்காரர் மட்டும் விடவில்லை. இன்ஜினை உறுமவிட்டபடி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் லாரியின் முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வந்தார். "ரேடியேட்டரு கொதிக்குதும்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க."

எங்களுக்கு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. அத்தனை பேரும் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினோம். அவர் முகம் முதலில் கடுகடுத்தது. பிறகு டின்னைக் கீழே போட்டுவிட்டு அவரும் சிரித்துவிட்டார். தகவல் தெரிந்து யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் ஜீப்பில் வந்து இறங்கியபோது, எங்களைவிட அதிகமாகச் சத்தம் போட்டது அந்த லாரிக்காரர்தான். "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார் இந்த ஊர்ல! எப்படி சார் மனுஷன் இருப்பான்?"

ஓவர்சியர் கொடுத்த வாக்கை நம்பி எழுந்தோம். மறுநாளே ஆட்கள் வந்து பம்பைச் சரிசெய்தார்கள். ஆனால் முதலாளி என் வீட்டுக்காரரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். என்னால்தான் இப்படி ஆனது என்று நான் அழுதேன். "வண்டிய நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துனேன். டிரைவரு வேலையே அதுதான புள்ள" என்றார் அவர். ஒரு மாதத்துக்கு மேல் செங்கல் சூளைக்குப் போனார். அந்தப் பஸ்ஸில் தினமும் போய்வருபவர்கள் பழைய டிரைவர் எங்கே என்று விடாமல் கேட்டதால், முதலாளியே மறுபடியும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

இப்போதும் நான் போகும் பஸ் மறியலில் நின்றால், பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் திட்ட ஆரம்பிப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் அவசரம் அவரவருக்கு. ஆனால் நான் மட்டும் இறங்கி முன்னால் நடந்து போய், உங்களுக்கு என்ன குறை என்று மறியல் செய்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். பிழைப்பே போனாலும் போகட்டும் என்று பஸ்ஸைத் திருப்பி நிறுத்திய மனிதரோடு குடும்பம் நடத்தியவள் நான், அந்தக் கர்வம் என்னைச் சீட்டில் சும்மா உட்காரவிடுவதில்லை.