பச்சைக் காபிக்கொட்டைக்காக ராயபுரம் போய் வந்தது

காலை ஒன்பது மணிக்குக் காலடிப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினேன். எனக்கு இதுதான் முதல் தடவை. தினமும் தலைக்கு மேலே ஓடுகிற ரயில்தான், ஆனால் உள்ளே இவ்வளவு குளிர் என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் என் சுருக்குப்பையைப் பிரித்துப் பார்த்த காவல்காரப் பெண், "வெத்தல போட்டு உள்ள துப்பக் கூடாது ஆயா" என்றாள். "முழுங்கிடுறேம்மா" என்றேன். சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு. வீட்டில் அவர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது எனக்கு எப்படிச் சிரிப்பு வந்ததோ. வீட்டை விட்டு வெளியே வந்து அத்தனை மாதம் ஆகியிருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆஸ்பத்திரியில், "நுரையீரல் போயிடுச்சு, வூட்லயே வெச்சிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர் நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று கேட்டார். அவர் ரங்கூனில் பிறந்தவர். சின்ன வயதில் இழுப்பு வந்தால், அவருடைய அம்மா தெருமுனையில் இருந்த சீனாக்காரர் மருந்துக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாளாம். அந்தப் பெரியவர் நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அப்புறம் பச்சைக் காபிக்கொட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி மூன்றையும் சின்னத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவாராம். கஷாயம் உள்ளே போனால் நெஞ்சு திறக்கும். கொட்டையை வறுக்க மட்டும் கூடாது. வறுத்தால் சூடு, நெஞ்சைப் பூட்டிவிடும்.

"அத்தக் குடிச்சா ஒரு ராத்திரி படுத்துத் தூங்குவேன் ராசாத்தி" என்றார். உட்கார்ந்தபடியே பொழுதை விடிய வைக்கிறவர்.

ஆரஞ்சுத் தோல் வீட்டிலேயே காயப் போட்டிருந்தேன், கொசுவலைக்குள். மாடியில் போட்டால் ஒரே நாளில் கரித்தூள் படிந்துவிடும், எங்கள் ஊர்க் காற்று அப்படி. கொட்டைக்குத்தான் இந்தப் பயணம்.

மேலே போகும்போது ரயில் ஜன்னலில் கடல் தெரிந்தது. துறைமுகத்துக் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றன. அப்புறம் ரயில் பூமிக்குள் இறங்கி இருட்டாகிவிட்டது. பலகையைப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, ஒரு பெண்குரல் ஊர் பேரை அழகாகச் சொல்கிறது. வண்ணாரப்பேட்டை என்றதும் இறங்கினேன்.

அங்கே முதல் காபிக்கடையில், "பச்சக்கொட்டையா? அரைச்ச தூள்தான் கீது. சிக்கரி எவ்ளோ போட?" என்றான். ராயபுரத்தில் ஒரு பாய் கடையில் சொந்தமாக வறுக்கிறார்கள், அங்கே கிடைக்கும் என்று அவனே வழி சொன்னான். ஆட்டோக்காரன் எண்பது ரூபாய் கேட்டான். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

"இன்னா நைனா, காபித் தோட்டத்துக்கேவா இட்னு போற?" என்றேன்.

"குந்து ஆயா, அறுபது குடு. பேஜாரு பண்ணாத."

பாய் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வறுக்கிற இரும்பு டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினார். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் கூழாங்கல் மாதிரி கொட்டை.

"ஏற்காட்டுச் சரக்கு. ஒரு மழ பேஞ்சா தோட்டமே வெள்ளையாப் பூத்துடும் ஆயா, மல்லி தோத்துடும். பழம் ரத்தச் செவப்பு. இப்ப அந்த மழ சரியான நேரத்துக்கு வர்றதில்ல. அதான் இந்த வெல."

எங்கள் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: கடித்தால் பல் வலிக்கணும், மோந்தால் காபி வாசனை வரவே கூடாது, வைக்கோல் வாசனைதான் வரணும். துறைமுகத்தில் காபி மூட்டையும் சுமந்த முதுகு, தெரியாமல் இருக்குமா? நான் ஒன்றை வாயில் போட்டேன்.

"ஆயா, இருக்கறதே ரெண்டு பல்லு" என்றார் பாய்.

"அது ரெண்டும் இதுக்குத்தான் பாய் இருக்குது."

மோந்து பார்த்தேன். வைக்கோல்தான். கால் கிலோ நூற்றைம்பது ரூபாய். "வறுத்துத் தர்றேனே, கூலி வாணாம்" என்று இரண்டு தடவை சொன்னார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, அசையவே இல்லை. மேலே வெயில், சுற்றிலும் டீசல் புகை. போகும்போது இருந்த சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் தினமும் இழுத்த காற்று இதுதானே என்று நினைத்ததும் எனக்கே மூச்சு முட்டியது.

மத்தியானம் வீடு சேர்ந்தேன். அவர் தலையணைமேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, அழுக்குப் போகக் குளிக்கப் போனேன். செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போது அவள் பேனாவை வைத்துவிட்டு அழுகிறாள். எழுதும்மா, உன்மேல் தப்பில்லை.

தலையில் தண்ணீர் ஊற்றும்போதே வாசனை வந்தது. ஈரப்புடவையோடு ஓடி வந்தேன். இரும்புச் சட்டியில் கொட்டை மொத்தமும் கறுத்துப் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"கடக்காரன் வறுக்காமக் குடுத்து ஏமாத்திட்டான் அத்த, நானே வறுத்துட்டேன்" என்றாள் செல்வி, முகம் நிறையச் சிரிப்போடு.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா விசேஷம்? தெருவே மணக்குது!" என்றாள்.

நான் உள் அறைக்கு ஓடினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா? கொட்ட கெடைக்கலியா?"

அந்தச் சின்ன அறை முழுவதும் காபிப் புகை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிது" என்றேன். "செல்வி கஷாயம் போட்னு கீறா."

கறுத்த கொட்டையைத் தட்டிப் போட்டு, ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் சேர்த்து நானே கொதிக்க வைத்தேன். அறை விளக்கைப் போடவில்லை, நிறம் தெரிந்துவிடும். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, மூக்குக்கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் மோந்து பார்த்தார்.

"காபி வாசனையே இல்ல பாரு" என்றார். "சுத்தமான பச்சக்கொட்ட. நல்லாப் பாத்து வாங்கினு வந்துகீற ராசாத்தி."

இரண்டு மடக்குதான் இறங்கியது. அன்று ராத்திரியும் அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.