யாரும் அழுத்தாத பொத்தான்

இதைக் கட்டுக்கதை என்று நீங்கள் தள்ளிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் நடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு டேப்லெட். அதில் பைத்தான் நிரல்மொழியில் நான் எழுதிய படிவம். உதவி கேட்கும் பொத்தானை அழுத்தினால் பின்னால் கால்பேக் என்ற ஒரு துண்டு நிரல் ஓடி, நர்ஸின் போனை ஒலிக்கவைக்க வேண்டும். அது ஓடாமல் மூன்று நாள் என் உயிரை வாங்கியது. கடுப்பில், “ஆள் வருகிறார்” என்று திரையில் காட்டுவதோடு நின்றுவிடும் சோதனை கால்பேக்கை மாட்டிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டார். “எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன் சார்.”

வாய் கூசாமல் சொன்னேன். அன்றே படிவம் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. சனிக்கிழமை முழுக்க போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால் மானம் போகுமே! யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று ஞாயிறு மதியம் அலுவலகம் போனேன்.

மணி 2.10. ஆளே இல்லை. சோதனைச் செய்தி எதுவும் வெளியே போய்விடக்கூடாது என்று நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, படிவத்தை என் கணினியில் மட்டும் ஓட்டினேன்.

2.31. திரையில் ஒரு வரி. ‘பொத்தான் அழுத்தப்பட்டது.’

நான் அழுத்தவில்லை. மவுஸைக் கழற்றினேன்.

2.32. மறுபடி.

கால்பேக்கை எது கூப்பிட்டது என்று தடம் பார்த்தேன். வழக்கமாகப் பத்துப் பதினைந்து வரி வரும். ஒன்றுமே இல்லை.

டக்... டக்... கண்ணாடியில் நகம் படும் சத்தம். என் திரை தொடுதிரையே அல்ல.

படிவத்தின் காலிக் கட்டத்தில் எழுத்துகள் வந்தன. ஒவ்வொன்றாக.

‘ஆள் வரலையே...’

உண்மையான கால்பேக்கைத் தேடினேன். வீட்டு எண்ணை அது எடுப்பதற்கு முன்பே படிவம் காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டு வரியை இடம் மாற்றினேன். அவ்வளவுதான் வேலை.

3.04. டக்.

பிறகு சத்தமில்லை.

3.20க்குக் கேபிளைச் செருகி, திருத்தியதை அனுப்பிவிட்டு ஓடினேன்.

திங்கள் காலை நர்ஸ் அக்கா சொன்னார். “நேத்து மூணு மணி நாலு நிமிஷத்துக்கு எட்டாம் நம்பர் வீட்டம்மாகிட்டேர்ந்து கால். ஓடினேன். டேப்லெட்டை நெஞ்சோட பிடிச்சிருந்தாங்க. அதுல சார்ஜே இல்ல. சனிக்கிழமை காலைல விழுந்திருக்காங்க, ராத்திரிதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார்.”

மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

“உன் படிவம் இல்லேன்னா அவங்க இன்னும் அப்படியேதான் கிடந்திருப்பாங்க.”

“தேங்க்ஸ் சார்” என்றேன்.