குறை சொல்லக் கூப்பிட்ட முறுக்கு

"தரத்தையும் சுற்றுச்சூழலையும் கவனிச்சா தொழிற்சாலைக்கு லாபம் வருமா, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். ஏதோ உதாரணம் சொன்னேன். நல்ல உதாரணம் இன்று காலைதான் கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய முறுக்கில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். கிள்ளானில் அந்த முறுக்குத் தொழிற்சாலையை நடத்தும் பெண்மணியே எடுத்தார்.

"சாரி அங்கிள். பாக்கெட் பின்னால இருக்கிற நம்பரைப் படிங்க."

படித்தேன்.

"அன்னைக்கு எண்ணெய் மாத்த லேட்டாயிருச்சு. அந்த லாட் முழுசையும் இன்னைக்கே கடைங்கள்லேருந்து எடுத்துடறேன். விட்டா ஒரு கடையும் மறுபடி வாங்க மாட்டாங்க லா."

"பழைய எண்ணெயை என்னம்மா செய்வீங்க?"

"முன்னாடி லோங்காங் சாக்கடையில ஊத்துவோம். அடைச்சு நாறும். இப்ப அதுல டீசல் செய்யறவங்க லோரி வந்து காசு கொடுத்து எடுத்துட்டுப் போகுது. அதனாலயே எண்ணெயைச் சீக்கிரம் மாத்த மனசு வருது. முறுக்கும் நல்லா இருக்கு, உங்க பாக்கெட்டைத் தவிர!"

சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

"வேற அனுப்பறேன். வீட்டுல எத்தனை பேரு, அங்கிள்?"

"நாலு பேரும்மா."

மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் வெளிநாட்டில், நான் மட்டும்தான் என்று முறுக்கு விற்பவரிடம் எப்படிச் சொல்வது? இனி நான்கு பாக்கெட்டையும் நானே தின்ன வேண்டும்.

முறுக்கு நன்றாக இருந்தால் கூப்பிடக் கூடாது என்று பாக்கெட்டில் எங்கும் போடவில்லை. நான் கூப்பிடப் போகிறேன். உங்கள் வீட்டுப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து, அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை கூப்பிடுங்கள்.