நாங்கள் நடந்து போட்ட வட்டம்

நவி மும்பை கோபர்கைரனேயில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இயற்கை நடை. பாண்டுப் பக்கம் காட்டுக்குள் எளிதான சுற்றுப்பாதை, வயதானவர்களும் நடக்கலாம், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம், தொப்பி அவசியம். என்னிடம் தொப்பி கிடையாது. சேலை கட்டிக்கொண்டு தொப்பி போட்டால் எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்துப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் பாண்டுப் என்று படித்ததும் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் பிறந்து வளர்ந்த மலைச்சரிவு அது.

இப்போது பெரிய இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. மழை விட்ட மறுநாள் தேக்கிலை மக்குகிற வாசனை. கூட வந்தவர்கள் மூச்சை இழுத்து இழுத்து விட்டு, "ஆஹா, என்ன ஆக்ஸிஜன்!" என்றார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை பட்டால் என் உடம்புக்கு ஒரே ஒரு அவசரம்தான் ஞாபகம் வருகிறது.

விஷயம் இதுதான். காட்டை ஒட்டியிருந்த எங்கள் வீட்டு வரிசையில் கக்கூஸ் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் தகரத்தை வைத்து மறைத்துக் கட்டிய வீடுகள். ஆண்கள் வேலை பார்க்கிற கம்பெனியில் சமாளித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் தண்டவாள ஓரம். பெண்களுக்குக் காடு. வெளிச்சம் வருவதற்குள், ஆளுக்கொரு தண்ணீர் டப்பாவோடு, கூட்டமாகத்தான் போவோம். காட்டில் சிறுத்தை இருந்தது.

கூட்டத்துக்குத் தலைவி பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா. பிளாஸ்டிக் பட்டறையில் வேலை. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரல் அப்படி ஆகிவிட்டது. காட்டுக்குள் அவள் வைத்த சட்டம், யாரும் வாயை மூடக் கூடாது.

"பேசிக்கிட்டே வாங்கட்டி. சத்தம் கேட்டா அது வெலகிப் போயிரும்."

தினம் தினம் பேச விஷயத்துக்கு எங்கே போவது? அதற்கும் அவளிடம் வழி இருந்தது. குழாயடியில் யாராவது இரண்டு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றால் நடுவில் புகுந்துவிடுவாள். "இங்க வேண்டாம், காட்டுக்கு எடுத்து வைங்க. நாளைக்குப் பேச ஏதாவது வேணும்லா?" என்பாள். சண்டையும் சமர்த்தாக மறுநாள் வரை காத்திருக்கும். நாவல் மரத்தடியில் ஆரம்பித்தால் ஓடை வரைக்கும் நாறிப்போகிற மாதிரி ஏசிக்கொள்வார்கள். சிறுத்தை என்ன, சிங்கமே இருந்திருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும். நாங்கள் சின்னப் பெண்கள், கெட்ட வார்த்தை முழுவதையும் அங்கேதான் படித்தோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. போன வழியே திரும்பக் கூடாது. பின்னால் அடுத்த வரிசைப் பெண்கள் டப்பாவோடு வந்துகொண்டிருப்பார்கள். எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு வார்த்தை கேட்க வேண்டும், இரண்டு பேருக்கும் கூச்சம். அதனால் நாவல் மரத்துப் பக்கம் ஏறி ஓடைப் பக்கம் இறங்கிவிடுவோம். நடந்து நடந்து அது புல் முளைக்காத வட்டமாகிவிட்டது.

அந்த வட்டத்தில்தான் இப்போது தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த பையன் நின்று, இந்தப் பாதையை மனிதர்கள் யாரும் போடவில்லை, மிருகங்கள் நடந்து நடந்து இயற்கையாக உண்டானது என்று இந்தியில் விளக்கினான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். ஷாந்தி ரக்கியே," என்று உதட்டில் விரல் வைத்தான். "இது மிருகங்களோட வீடு."

சிரிப்பு நின்றுபோயிற்று. இதே வார்த்தையை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

ஈஸ்வரி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் வரிசையில் கடைசி வீடு. ஒரு நாள் சாயங்காலம் அவளுக்கு வயிறு கலக்கியிருக்கிறது. பெரியவர்கள் யாரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. என்னைக் கூப்பிட வெட்கமோ, பொறுக்க முடியவில்லையோ, டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். தனியாகப் போகிறவள் யாரோடு சத்தமாகப் பேசுவாள்? டார்ச் அடித்துத் தேடியவர்கள் நாவல் மரத்துக்குக் கொஞ்சம் மேலே அவளை எடுத்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை.

கக்கூஸ் கேட்டு அலைவது பேச்சியக்காவுக்குப் புதிதல்ல. இந்த முறை எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வன இலாகா ஆபீசுக்குப் போனாள். இந்தி பாதி, தமிழ் பாதியாகக் கேட்டாள்.

"சாப், ஒரே ஒரு சண்டாஸ் கட்டிக் குடுங்க. எங்க பிள்ளயச் சிறுத்த தின்னுட்டு."

அங்கே இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது காட்டு நிலம், அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது என்றார். "அது மிருகங்களோட வீடு. நீங்க ஏன் உள்ள போறீங்க?"

"ஆசப்பட்டா போறோம்?" என்றாள் பேச்சியக்கா. அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். சில வருஷத்தில் எங்கள் வீடுகளையும் இடித்தார்கள். ஆளுக்கொரு திசையாகச் சிதறினோம். பேச்சியக்காவுக்குச் செம்பூர் தாண்டி ஓர் அடுக்குமாடியில் ஒற்றை அறை கிடைத்தது.

சிறுத்தைமேல் எனக்குக் கோபம் கிடையாது. அதற்குப் பசித்தது, தின்றது. நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்ன அந்தத் தலையை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

வட்டம் முடிகிற இடத்தில், ஓடைப் பக்கம், ஓடு வேய்ந்து அழகாக ஒரு சின்னக் கட்டடம். கதவில் பெண் படம் வரைந்திருந்தது. எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "ரொம்ப க்ளீன் ஆன்ட்டி, போய்ட்டு வாங்க," என்றாள். உள்ளே போனேன். வெள்ளை டைல்ஸ். குழாயைத் திறந்தேன், தண்ணீர் கொட்டியது. வெளியே வந்து பேச்சியக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம காட்டுல நிக்கேன். இங்க கக்கூஸ் கட்டியிருக்கானுவ."

"ஏட்டி, யாருக்கு?"

"நடக்க வாறவங்களுக்கு."

"தண்ணி வருதா?"

"வருது."

"உள்ள தாப்பா இருக்கா?"

"இருக்குக்கா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"செங்கல்லதான கட்டியிருக்கான்?"

"செங்கல்தான்!" என்று கத்தினேன். மரத்திலிருந்த பறவையெல்லாம் கலைந்தது. பையன் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனவன், என் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

எங்கள் வரிசை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஒரு வாசற்படிகூட மிச்சம் கிடையாது. எங்களைத் துடைத்து எடுத்த பிறகுதான் அந்தக் காட்டில் செங்கல் வைக்க இடம் வந்திருக்கிறது. ஈஸ்வரிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கதவுதான்.